நரம்பைத் தேடிய விரல்

நோயாளியின் கையில் மருந்து ஏற்ற இரத்தக்குழாயைத் தேடும்போது கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது, செவிலியர் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கற்றுத்தரப்பட்டது. மேலே நீலமாகத் தெரியும் குழாய் பல நேரங்களில் ஊசிக்கு நழுவிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் சற்று ஆழத்தில் இருப்பதோ, விரல் நுனியால் இலேசாக அழுத்தி விடும்போது மெல்லத் துள்ளிக் கொடுக்கும். அந்தத் துள்ளலை உணரும் விரலை நம்பியே முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஐம்பத்தாறாவது வயதில் ஒரு நாள், உடலில் நீர் வற்றிப்போயிருந்த முதியவர் ஒருவரின் முன்கையை நெடுநேரம் தடவிப் பார்த்தும் எனக்கு எதுவும் அகப்படவில்லை. "அக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்க, நான் பாக்குறேன்" என்று இளைய செவிலி ஒருத்தி வந்தாள். நான் தடவிய அதே இடத்தில் ஒரே முறையில் ஊசியை ஏற்றிவிட்டாள். பேச்சுவழக்கில் இரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்றே சொல்கிறோம். "நரம்பு கிடைக்கலையாக்கா?" என்று அவள் கேட்டபோது, கிடைக்காமல் போனது எந்த நரம்பு என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

யோசித்துப் பார்த்தால், அறிகுறிகள் இரண்டு மூன்று ஆண்டுகளாகவே இருந்தன. வருகைப் பதிவுக் கருவி என் கட்டைவிரல் ரேகையை மூன்று முறை வைத்தாலும் ஏற்காது. கண்ணாடிக் குப்பிகள் கையிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தன. நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் எதையும் தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் வந்திருந்தது. இரவில் போர்வையின் ஓரம் முழங்காலுக்குக் கீழே உரசினாலே அரிப்பு எடுக்கும், சொறிந்தால் அடங்காது. காலின் பெருவிரல் அடியில் மெல்லிய தாள் ஒட்டியிருப்பது போன்ற மதமதப்பு. இவை ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோளாறாகவே எண்ணியிருந்தேன்.

நான் செய்த முதல் தவறு, எல்லாவற்றுக்கும் நரம்பே காரணம் என்று நானே முடிவு செய்து, யாரையும் கேட்காமல் வைட்டமின் பி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியது. நரம்பியல் மருத்துவர் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் இதை நிறுத்துங்கள் என்றார். வைட்டமின் பி6 அளவுக்கு மீறி நெடுநாள் உடலில் சேர்ந்தால் அதுவே உணர்வு நரம்புகளைச் சேதப்படுத்தும். பி12 குறைவாக இருந்தால் மட்டும் அதைத் தனியாக ஈடுசெய்தால் போதும். மருத்துவமனையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இது தெரியாமலிருந்தது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நரம்புக் கடத்தல் சோதனை இயல்பாக இருந்தது. அதில் மகிழ்ந்துவிட வேண்டாம் என்று மருத்துவர் விளக்கினார். அந்தச் சோதனை மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். வலி, வெப்பம், அரிப்பு ஆகியவற்றைச் சுமந்து செல்லும் நுண்ணிழைகள் அதன் கண்ணில் படா. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் தோலைத்தான் பார்க்க வேண்டும். கணுக்காலின் வெளிப்புற எலும்புக்கு 10 சென்டிமீட்டர் மேலே, உணர்விழக்கச் செய்யும் ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டமாகத் தோலை எடுத்தார்கள். தையல் தேவைப்படவில்லை. நரம்பிழைகளை மட்டும் நிறமேற்றி, அடித்தோலிலிருந்து மேல்தோலுக்குள் எத்தனை இழைகள் நுழைகின்றன என்று நுண்நோக்கியில் எண்ணுவார்கள். இந்த எண்ணிக்கை வயது ஏற ஏறக் குறைவது இயல்பு என்பதால், ஒத்த வயதினரோடும் ஒத்த பாலினரோடும் ஒப்பிட்டே முடிவு சொல்வார்கள். என்னுடையது என் வயதுக்குரிய கீழ் எல்லையை ஒட்டி நின்றது. கூடவே எடுத்த இரத்தப் பரிசோதனையில், முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 விழுக்காடு, அதாவது 5.7 முதல் 6.4 வரையிலான, நீரிழிவுக்கு முந்தைய நிலை.

அந்த நுண்நோக்கிப் படத்தை மருத்துவர் எனக்குக் காட்டிய பத்து நிமிடங்கள்தான் என் புரிதலை மாற்றின. நரம்பு வேறு, அதன் மேல் போர்த்தப்பட்ட தோல் வேறு என்று நான் நினைத்திருந்தேன். படத்தில் தெரிந்ததோ, மேல்தோலின் செல்களுக்கு இடையே நூல் கோத்தது போல ஊடுருவி நிற்கும் இழைகள். உணர்வு நரம்பு செல்லின் உடல் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. அதன் நுனி வாழ்வதோ தோலுக்குள். பாதத்திலிருந்து வரும் ஓர் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல்லின் கிளை. குடியிருக்கும் வீடு சிதைந்தால் குடியிருப்பவருக்கு என்ன ஆகுமோ, அதுவே அந்த நுனிக்கும் ஆகிறது.

வீடு எப்படிச் சிதைகிறது? இளம் தோலில் மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் எல்லை மேடு பள்ளமாக, ஒன்றுக்குள் ஒன்று பற்கள் போலக் கோத்திருக்கும். அடித்தோலின் அந்த மேட்டு முனைகளுக்குள்தான் மெல்லிய தொடுகையையும் நழுவலையும் உணரும் மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் அமர்ந்திருக்கின்றன. வயது ஏறும்போது இந்த எல்லை தட்டையாகிறது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் தளர்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அருகி, மேற்பரப்பு விறைப்பாகிறது. விரல் தோலில் மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகளை எண்ணிப் பார்த்த 1960களின் ஆய்வு, இளமையில் சதுர மில்லிமீட்டருக்கு இருபதுக்கு மேல் இருந்தவை எழுபதை நெருங்கும்போது பத்துக்கும் கீழே இறங்குவதைக் கண்டது. குப்பி நழுவுவதை என் விரல் தாமதமாக உணர்ந்ததற்கும், ஈடாகக் கை இறுக்கிப் பிடித்ததற்கும் காரணம் இதில் கிடைத்தது. வறண்ட தோல் வழுக்கும். வழுக்குவதைச் சொல்ல வேண்டிய உறுப்புகளும் குறைந்திருக்கும்.

இன்னும் ஆழமான உறவு ஒன்றும் உண்டு. ரீட்டா லெவி-மொந்தால்சினி, ஸ்டான்லி கோஹன் என்ற அறிவியலாளர்கள் 1950களில் கண்டறிந்த, நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்துக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது, அந்தச் சாற்றைப் பெற்ற எலிக்குட்டிகள் வழக்கத்தைவிட முன்னதாகவே கண் திறப்பதைக் கோஹன் கவனித்தார். அந்த விந்தையைத் தொடர்ந்து சென்றே மேல்தோல் வளர்ச்சிக் காரணியையும் கண்டுபிடித்தார். நரம்பை வளர்ப்பதும் தோலை வளர்ப்பதும் ஒரே சாற்றில் கிடைத்தன என்ற செய்தியைப் படித்த இரவு, நான் வேறெதுவும் படிக்கவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தோல் செல்களும் சுரக்கின்றன. நரம்பு நுனி அதைப் பற்றிக்கொண்டு, இழை நெடுகிலும் பின்னோக்கி முதுகுத்தண்டின் அருகிலுள்ள செல் உடலுக்கு அனுப்புகிறது. பாதத்திலிருந்து அந்தப் பயணம் முடியப் பல நாட்கள் ஆகும். வயதான எலிகளில், இவ்வகைக் காரணிகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நரம்பு செல்களில் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதே எலிகளின் நரம்பு முடிச்சுகளில் செத்துப்போன செல்கள் ஒப்பீட்டளவில் சிலவே. பெரிய சேதம் தோலிலுள்ள நுனிகளில்தான். மரம் வேரோடு சாய்வதில்லை, கொழுந்துகள்தான் முதலில் கருகுகின்றன. நீளமான கிளைகளே முதலில் பாதிக்கப்படுவதால் மதமதப்பு பாதத்தில் தொடங்குகிறது. வயதாகும்போது கைவிரலைவிடக் கால்விரலின் தொடுதிறன் மிக அதிகமாகக் குறைவதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தோல் நரம்பை ஊட்டுவதோடு நிற்பதில்லை. சில வேளைகளில் அதைக் கெடுக்கவும் செய்கிறது. சி. எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மொத்தமே 302 நரம்பு செல்கள் கொண்ட புழு. அதன் தோலுக்கு அடியில் மெழுகுவத்தித் தாங்கி போலக் கிளைத்துப் பரவும் இரண்டு உணர்வு நியூரான்கள் உண்டு. புழு முதுமை அடையும்போது அந்தக் கிளைகள் மணி கோத்தது போலத் திரண்டு சிதைகின்றன. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் இதற்கான ஒரு காரணத்தை வெளியிட்டார்கள். கிருமிகளை எதிர்க்கத் தோல் சுரக்கும் ஒரு சிறு புரதம், நோய்த்தொற்றின்போதும் முதுமையிலும் பெருகி, நியூரானில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு அந்தச் சிதைவைத் தூண்டுகிறது. அந்தப் புரதத்தையோ ஏற்பியையோ நீக்கினால் சிதைவு குறைகிறது. புழுவில் நடப்பதை அப்படியே மனிதர்மீது ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் தன் உடலைக் காக்கத் தோல் எழுப்பும் குரலே தன் நரம்பைக் கருக்கலாம் என்ற எண்ணம், ஆண்டுக்கணக்கில் வெடித்துச் சிவந்த கைகளோடு வேலை செய்த என்னைச் சற்று உலுக்கியது.

என் இரவு அரிப்புக்கும் விளக்கம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தோல் வறண்டு அதன் அரண் உடையும்போது நரம்பு வளர்ச்சிக் காரணி குறைவதற்கு மாறாக மேல்தோலில் கூடலாம். இழைகள் மேற்பரப்பை நோக்கி நெருங்கி வந்து, அரிப்பைக் கூர்மையாக்கும். மேலும், மேல்தோலின் அடியில் இருக்கும் மெர்க்கல் செல்கள் மெல்லிய அழுத்தத்தை நரம்புக்குச் சொல்பவை. வயதான எலிகளிலும் வறண்ட தோலுள்ள எலிகளிலும் அவை குறைந்துபோவதையும், அவ்வாறு குறையும்போது சாதாரணத் தொடுகையே அரிப்பாக மாறுவதையும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, ஒரே முதுமை ஒரே உடலில் ஓரிடத்தில் மரக்கச் செய்கிறது, இன்னோரிடத்தில் அரிக்கச் செய்கிறது. மதமதப்பும் அரிப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று மருத்துவரிடம் ஏதோ ஒன்றை மறைத்துவிடாதீர்கள். நான் அரிப்பைச் சொல்லாமலே இரண்டு சந்திப்புகளை வீணாக்கினேன்.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் கைகள். வார்டில் ஒரு நாளில் எத்தனை முறை சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினேன் என்பதற்குக் கணக்கில்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத வேளைகளில், ஈரப்பதம் காக்கும் பொருள் கலந்த ஆல்கஹால் கைத்தேய்ப்பு சோப்பைவிடத் தோலுக்கு மென்மையானது. எரிகிறதே என்று நான் அதை ஒதுக்கியது தவறு. எரிந்ததற்குக் காரணம், தோல் ஏற்கெனவே வெடித்திருந்ததுதான். கழுவத்தான் வேண்டும் என்ற போது வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காயுமுன் மணமற்ற மாய்ஸ்சரைசரைத் தடவினேன். இரவில் அதன் மேல் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி, மேலே பருத்திக் கையுறை.

பயன் தெரிகிறதா என்பதை மனத்தின் கணிப்புக்கு விடாமல், ஓர் எளிய சோதனையை வைத்துக்கொண்டேன். பேப்பர் கிளிப்பை விரித்து இரு முனைகளும் ஒரே திசையில் நிற்குமாறு வளைத்து, இடைவெளியை அளவுகோலால் அளந்து, நான் கண்ணை மூடிக்கொள்ள, என் மகள் ஒரு முனையாகவோ இரு முனைகளாகவோ விரலில் மாற்றி மாற்றி வைப்பாள். பத்தில் எட்டு முறை சரியாகச் சொன்னால் அந்த இடைவெளியை உணர்கிறேன் என்று பொருள். இளைஞர்களின் விரல் நுனி 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும். என் வலது சுட்டுவிரலுக்கு முதலில் 5 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. ஏழு வாரங்கள் கழித்து 4 போதுமானதாக இருந்தது. இதைப் பெருவெற்றியாக நான் சொல்லவில்லை. பழகிய கை சோதனையில் கூடுதலாகத் தேறும். முனைகளை மகள் சற்று முன்பின்னாக வைத்தாலும் விரல் அதைக் கண்டுகொள்ளும். முதியோரின் தோலை ஈரப்படுத்தினால் தொடுதிறன் ஓரளவு மேம்படுவதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. அதே நேரம், முதுமையில் தொடுதிறன் குறைவதைத் தோலின் நெகிழ்வை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது என்று காட்டியதும் உண்டு. என் அனுபவமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. தோல் விறைப்பால் மங்கியது சில வாரங்களில் திரும்பியது. நுண்ணுறுப்புகள் குறைந்ததால் மங்கியது திரும்பவில்லை. கிரீமிடம் முதலாவதை மட்டும் எதிர்பார்க்கலாம். நரம்பை மீண்டும் முளைக்கச் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் பூச்சுகளை நான் வாங்குவதில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியையே ஊசியாகப் போட்டு நீரிழிவு நரம்புப் பாதிப்பைச் சரிசெய்ய முயன்ற பெரிய மருத்துவ ஆய்வு 2000ஆம் ஆண்டில் பலனின்றி முடிந்தது. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிஞ்சியது.

பாதத்தின் கதை வேறு. சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும், கால் மரத்தால் சூடு கொடுக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தில், ஒரு மாலை வெந்நீரில் பாதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது இதமாகவே இருந்தது. துடைக்கும்போதுதான் இரு பாதங்களும் சிவந்திருப்பதும், பெருவிரல் ஓரத்தில் கொப்புளம் எழும்புவதும் தெரிந்தன. 49 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில நிமிடங்களில் தோலைச் சுட்டுவிடும். 60 டிகிரிக்குச் சில நொடிகளே போதும். வெப்பத்தைச் சொல்ல வேண்டிய இழைகளே மெலிந்திருக்கும்போது, இதமாக இருக்கிறது என்ற உணர்வு நம்பத் தகுந்த சாட்சியே அல்ல. கொப்புளம் ஆற ஆறு வாரங்கள் பிடித்தன. அதன் பிறகு குளிக்கும் நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே ஊற்றிக்கொள்கிறேன். பாதங்களை நீரில் ஊறவைப்பதை விட்டுவிட்டேன்.

தினமும் இரவில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். குதிகாலில் தடித்திருந்த காய்ப்புக்கும் பித்தவெடிப்புக்கும் யூரியா கலந்த கிரீம் தடவி வந்ததில் இரண்டு மாதங்களில் தோல் மிருதுவானது. விரல் இடுக்குகளில் மட்டும் தடவுவதில்லை, அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். காய்ப்பைப் பிளேடால் சீவுவதை அறவே நிறுத்தினேன். மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டுப் பார்ப்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த எளிய சோதனைகளைக் கேட்டுப் பெற வேண்டும். சர்க்கரை கூடுதலாக இருக்கும் உடலில் கொலாஜன் இழைகள் சர்க்கரையோடு பிணைந்து விறைத்துப்போவதால், தோலும் நரம்பும் சேர்ந்தே விரைவாக முதுமை அடைகின்றன.

நடைப்பயிற்சியை நான் முதலில் இதயத்துக்கானது என்றே எண்ணியிருந்தேன். நீரிழிவு உள்ளவர்களுக்கு மேற்பார்வையோடு உடற்பயிற்சி தந்தபோது, காலின் தோலிலுள்ள நரம்பிழைகளின் எண்ணிக்கை ஓரளவு கூடியதாகக் கண்ட ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னபோதுதான், மேல்தோலுக்குள் நுழையும் அந்த நுனிகள் முற்றாக உறைந்துபோனவை அல்ல, தொடர்ந்து வளர்ந்தும் பின்வாங்கியும் கொண்டிருப்பவை என்பது உறைத்தது. காலணிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே அணிந்து, நாள்தோறும் நாற்பது நிமிடங்கள் நடக்கிறேன். பதினான்கு மாதங்களில் எச்பிஏ1சி 5.8க்கு வந்தது. மதமதப்பு போகவில்லை, பரவுவது நின்றிருக்கிறது. வெயிலில் நடந்தால் முன்கைகளை மூடிக்கொள்கிறேன். புற ஊதாக் கதிரைப் போலக் கொலாஜனைச் சிதைக்கும் வேறொன்று நம் அன்றாடத்தில் அதிகம் இல்லை.

கடைசியாக ஒன்று. பார்வையற்றவர்களிடம் தொடுதிறன் முதுமையிலும் பெரிதாகக் குறைவதில்லை என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களின் தோலும் மற்றவர்களைப் போலவே வயதாகிறது. நாள்தோறும் விரலைக் கூர்ந்து பயன்படுத்துவதால், கிடைக்கும் குறைவான செய்தியிலிருந்தே மூளை அதிகம் வாசிக்கக் கற்றுக்கொள்கிறது போலும். இதை அறிந்த பிறகு, கையுறை இல்லாமல் என் முன்கையிலும் மகளின் முன்கையிலும் கண்ணை மூடிக்கொண்டு இரத்தக்குழாயைத் தேடிப் பழகத் தொடங்கினேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் கடினமான கைகள் சிலவற்றில் முதல் முயற்சியிலேயே எனக்குக் குழாய் அகப்பட்டது. அகப்படாத கைகளும் இருந்தன. அப்போது தயங்காமல் அந்த இளையவளையே கூப்பிட்டேன். அவளுடைய விரல் மூட்டுகளில் வெடிப்பு தொடங்கியிருந்ததைக் கவனித்து, பணி அறையில் கை கழுவும் தொட்டியின் மேல் ஒரு மாய்ஸ்சரைசர் குப்பியை வைத்தேன். "இதெல்லாம் அழகுக்குத்தானேக்கா" என்றாள். என் வலது சுட்டுவிரலையும் பேப்பர் கிளிப்பையும் அவளிடம் நீட்டினேன்.